போதும்னு டீச்சர் சொல்லலையே

நம்மை எல்லாம் படைக்கிற சாமி ஒருத்தரையும் தப்பாகப் படைப்பதில்லை. சில பேரைப் பொழுது சாய்ந்து, கை ஓய்ந்த பிறகு படைத்திருக்கும், அவ்வளவுதான். அப்படிப் படைத்தவர்களைத் தனித்தனியாக விட்டால் தவித்துப் போவார்களே என்று ஒரே இடத்தில் இறக்கிவிட்ட ஊர்தான் சுண்டக்காம்பாளையம். உடுமலையில் பஸ் ஏறினால், எந்த நிறுத்தத்தில் கண்டக்டர் பெருமூச்சு விடுகிறாரோ அங்கே இறங்கிக்கொள்ளலாம்.

அந்த ஊரில் ஒரு நாடக சபா உண்டு. மொத்தம் ஐந்து பேர். ஐந்து பேரும் தங்கமானவர்கள். பெரியவர்கள் சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். தொந்தரவே அதுதான்.

போன வருஷம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு நாடகம் போட உடுமலையிலிருந்து படுதா வாடகைக்கு எடுத்து வந்தார்கள். கொடுத்தவர், "புதுப் படுதா. யாரும் கை வைக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார். கட்டித் தொங்கவிட்ட பிறகு ஒருத்தரும் அதில் கை வைக்கவில்லை. நாடகம் முழுக்கப் படுதாவுக்குப் பின்னாலேயே நடந்து முடிந்தது. ஜனங்களும் கடைசி வரை உட்கார்ந்து கேட்டுவிட்டு, "ரேடியோவுல கேட்ட மாதிரியே இருந்துச்சு" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

இந்த ஐந்து பேரில் கல்யாணம் ஆகாதவன் நாச்சிமுத்து ஒருத்தன்தான். முப்பத்தைந்து முடிந்துவிட்டது. உருண்டையான உடம்பு, சிரித்த முகம், சொந்தமாகத் தென்னந்தோப்பு. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்த்த இடமெல்லாம் தட்டிப் போனது.

கடைசியாகப் பார்த்த இடத்தில், பெண்ணின் அப்பா பெரிய மனதோடு, "கூச்சப்படாதீங்க மாப்பிள்ளை. இதை உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க" என்றார். நாச்சிமுத்து அப்படியே நினைத்துக்கொண்டான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கட்டிலில் படுத்து ஒரு தூக்கம் போட்டான். எழுந்து பார்த்தால் வீடு நிறைய ஆட்கள். "பொழுது போச்சுங்களே, நீங்கல்லாம் எப்பங்க கிளம்புவீங்க?" என்று பெண்ணின் அப்பாவையே கேட்டான். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

அவன் அம்மா தினமும் மாரியம்மன் கோயிலில் விளக்குப் போட்டு, "ஆத்தா, என்ற பையனுக்கு ஒரு வழி காட்டு" என்று கண்ணீர் விடுவாள். பெற்ற வயிறு அப்படித்தானே. இந்த சமயத்தில்தான் தரகர் ஒரு நல்ல சேதி கொண்டுவந்தார். பூளவாடிப் பக்கம் ஒரு பெண், பெயர் கமலவேணி, கெட்டிக்காரி. மாப்பிள்ளை போட்டோ ஒன்று கேட்கிறார்கள் என்றார்.

அதே வாரத்தில்தான் மேகலா டீச்சரும் ஊருக்கு வந்தார்கள். டவுன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லித் தருகிறவர்கள். சபாக்காரர்களைக் கோயில் முன்னால் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார்கள்.

"உங்க ஊர்ப் பாறை மேல ஏறி என் பசங்களுக்கு நட்சத்திரம் காட்டறேனுங்க. வானத்தைப் போட்டோ எடுத்தா, குறுக்கால கோடு கோடா விழுது. எல்லாம் சேட்டிலைட்டு. மேலே விட்டுக்கிட்டே இருக்காங்க. இப்படியே போனா நட்சத்திரம் பாக்கவே எடம் இருக்காது. இது ஜனங்களுக்குத் தெரியணும். நோம்பிக்கு நீங்க ஒரு நாடகம் போட்டுச் சொல்லுங்க."

சபாவில் மூத்தவர் ஆறுச்சாமி அண்ணன். யோசிக்காமல் வாய் திறக்க மாட்டார். யோசித்துவிட்டுத் திறந்தார்.

"வானத்துல கூட்டம் சேர்ந்துருச்சுன்னா போலீசுல சொல்லலாமுங்களே."

"போலீசுக்கு அது எட்டாதுங்கண்ணா."

"என்ற வீட்ல ஏணி இருக்குதுங்க."

டீச்சர் ஏணிப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்கள். பிறகு வேஷம் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

நாச்சிமுத்து உருண்டையாக இருந்ததால் அவன்தான் பூமி. ஆறுச்சாமி, தொட்டராயன், சென்னியப்பன் மூன்று பேரும் செயற்கைக்கோள்கள். இரண்டு கையிலும் ஆளுக்கு இரண்டு முறம் கட்டி, முறத்தில் வெள்ளித்தாள் ஒட்டினார்கள். மிச்சம் இருந்த கனகராசு நட்சத்திரம். அட்டையில் வெட்டிய நட்சத்திரத்தை அவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

"பூமி தன்னைத்தானே சுத்தும்" என்றார்கள் டீச்சர். "ஆனா நீங்க சுத்த வேண்டாமுங்க, மயக்கம் வந்துரும். பூமி சுத்தறது பாக்கறவங்க யாருக்கும் தெரியாது."

"அப்ப நான் இப்பவே சுத்திக்கிட்டுத்தான் இருக்கறனுங்களா?" என்றான் நாச்சிமுத்து.

"அப்படித்தான் வெச்சுக்கோங்க."

நாச்சிமுத்துவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். அன்றிலிருந்து அவன் அம்மா, "ஏன் சாமி சும்மா உக்காந்திருக்கிற, தோப்புக்குத் தண்ணி கட்டலாமில்ல" என்று கேட்டால், "சுத்திக்கிட்டிருக்கறனம்மா, உனக்குத் தெரியலை" என்பான்.

கனகராசுவிடம், "நட்சத்திரம் ரொம்ப ரொம்பத் தூரத்துல இருக்கும். அதோட வெளிச்சம் கிளம்புனா நம்மகிட்ட வந்து சேர எத்தனையோ காலம் ஆகும். 'என்னை யாருமே பாக்கலையா'ன்னு நீங்க அழுவணும். அதுதான் உங்க வசனம்" என்றார்கள்.

கனகராசு எழுந்து நின்றான். "எவ்வளவு தூரமுங்க?"

"எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம்."

டீச்சர் சொன்னது மேடையின் கோடியை. கனகராசு வீட்டுக்குப் போய் வேட்டி துண்டு எடுத்துக்கொண்டு, தலையில் கட்டிய நட்சத்திரத்தோடு பழனி பஸ்ஸில் ஏறிவிட்டான். பழனியில் இறங்கிப் பார்த்ததில் ரொம்பக் கிட்ட இருக்கிற மாதிரி தோன்றியதாம். அங்கிருந்து திருச்சி பஸ் ஏறினான்.

கடைசியாகச் செயற்கைக்கோள்களுக்குச் சொல்லித் தந்தார்கள். "பூமியைச் சுத்தி ஓடிக்கிட்டே இருக்கணும். சேட்டிலைட்டு சாப்பிடாது, தூங்காது, நிக்காது. நின்னா கீழே விழுந்துரும். நான் போதும்னு சொல்ற வரைக்கும் சுத்துங்க. இன்னொண்ணு, நாடகம்னா சும்மா பாத்துட்டுப் போறது இல்லை. ஜனங்களை உள்ளே இழுக்கணும், மறந்துராதீங்க. எங்கே, சுத்துங்க பார்க்கலாம்."

மூன்று பேரும் சுற்ற ஆரம்பித்தார்கள். நடுவில் நாச்சிமுத்து யாருக்கும் தெரியாமல் சுற்றினான். அந்த நேரம் பார்த்து டவுனுக்குப் போகிற பஸ் ஹாரன் அடித்தது. "ஐயோ, என் பஸ்ஸு. நோம்பியன்னைக்கு வந்தர்றேனுங்க" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு டீச்சர் ஓடிவிட்டார்கள்.

பஸ் போய்ப் புழுதியும் அடங்கியது. மூன்று பேரும் சுற்றிக்கொண்டே பேசினார்கள்.

"அண்ணா, டீச்சர் போதும்னு சொன்னாங்களா?" என்று கேட்டான் தொட்டராயன்.

"வந்தர்றேன்னு சொன்னாங்க."

"வந்தர்றேன்னா போதும்னு அர்த்தமாகுமா?"

ஆறுச்சாமி அண்ணன் ஒரு சுற்று முழுக்க யோசித்தார். "ஆகாது."

"அப்ப நோம்பி வரைக்கும்?"

"வேற வழி? நின்னா விழுந்துருவோம்."

சென்னியப்பன் கொஞ்சம் படித்தவன். "போன் போட்டுக் கேட்டுருவோமுங்கண்ணா" என்றான்.

"போனு எதுல வேலை செய்யுது?"

"சேட்டிலைட்டுலங்க."

"சேட்டிலைட்டு யாரு?"

சென்னியப்பன் தன் முறத்தைப் பார்த்துக்கொண்டான். "நாமதானுங்க."

"நமக்கே தெரியாததை நம்மகிட்டயே கேட்டா என்ன பதில் வரும்? பேசாம சுத்து."

நாச்சிமுத்து வீட்டுக்குக் கிளம்பினான். அவன் நடக்க நடக்க மூன்று பேரும் அவனைச் சுற்றிக்கொண்டே வந்தார்கள். டீக்கடையில் அவன் டீ குடித்தபோது டீக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு முறம் போய்க்கொண்டே இருந்தது. கோயிலுக்குப் போனான். அவன் அம்மனைச் சுற்ற, அவர்கள் அவனைச் சுற்ற, பூசாரி தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவன் குளிக்கப் போனதை எல்லாம் நான் எழுதப் போவதில்லை.

சாப்பாட்டு நேரம் வந்தது.

"சேட்டிலைட்டு சாப்பிடாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்களே" என்றான் தொட்டராயன் கவலையாக.

"நிஜ சேட்டிலைட்டு வெயில்லயே வகுறு ரொப்பிக்குமாம். புஸ்தகத்துல இருக்குது" என்றான் சென்னியப்பன்.

மூன்று பேரும் முறத்தை வெயிலுக்கு விரித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்கள். பசி கூடினதுதான் மிச்சம். பார்க்கப் பொறுக்காமல் நாச்சிமுத்துவின் அம்மா ஒரு குண்டா நிறைய சோற்றைப் பிசைந்து எடுத்து வந்து வாசலில் நின்றாள். ஒவ்வொருத்தரும் கடந்து போகும்போது ஒரு உருண்டையை வாயில் போட்டுவிட்டாள். தனக்குத் தின்னும் எண்ணமே இல்லை, வாய் தானாகத் திறந்துவிட்டது என்று ஆறுச்சாமி அண்ணன் விளக்கம் சொன்னார்.

தூக்கத்துக்கும் ஒரு வழி பிறந்தது. ஆறுச்சாமி அண்ணனிடம் செவலை என்று ஒரு மாடு. செக்கில் எண்ணெய் ஆட்டியது. செக்கு நின்று போய் நாளாகியும் அதற்குச் சுற்றுகிற பழக்கம் விடவில்லை. சும்மா கட்டிப்போட்டாலும் முளையைச் சுற்றும். அதை வண்டியில் பூட்டி, மூன்று பேரும் வண்டியில் படுத்துக்கொண்டார்கள். வாசலில் போட்ட நாச்சிமுத்துவின் கட்டிலைச் சுற்றிச் செவலை விடிய விடிய நடந்தது. அந்த நாடகத்தில் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் அதுதான் என்று ஊரில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு.

இதற்கிடையில் உடுமலையிலிருந்து போட்டோக்காரர் வந்தார். நாச்சிமுத்துவின் அம்மா மகனுக்குப் பட்டுச் சட்டை போட்டு, திருநீறு பூசி, நாற்காலியில் உட்காரவைத்தாள். போட்டோக்காரர் கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடினார். அழுத்தினார். சென்னியப்பனின் முதுகு விழுந்தது.

மறுபடி அழுத்தினார். முறம் விழுந்தது.

"ஏனுங்க, கொஞ்சம் நில்லுங்க" என்றார்.

"நின்னா விழுந்துருவோமுங்க."

"அப்படின்னா வெசையாப் போங்க."

வேகமாகப் போனார்கள். குறுக்கே வெள்ளையாக ஒரு கோடுதான் விழுந்தது.

"மெதுவாப் போங்க."

மெதுவாகப் போனார்கள். இந்தத் தடவை ஆறுச்சாமி அண்ணன் மீசை முதற்கொண்டு தெளிவாக விழுந்தார். நல்ல போட்டோ என்று அவரே ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

வெயில் இறங்கும் வரை எடுத்தும் இருந்ததில் தேறியது ஒன்றே ஒன்றுதான். அதில் நாச்சிமுத்துவின் இடது காது இருந்தது. தொட்டராயன் மூக்கு இருந்தது. மீதி முறம். போட்டோக்காரர் கேமராவைப் பெட்டியில் வைத்துவிட்டு, "இந்தத் தொழிலுக்கு வந்திருக்கவே கூடாது" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனார். வேறு வழி இல்லாமல் அதைத்தான் பெண் வீட்டுக்கு அனுப்பினார்கள். நாச்சிமுத்துவின் அம்மா அன்றைக்கு இரண்டு விளக்காகப் போட்டாள்.

பூளவாடியில் கமலவேணி அந்தப் போட்டோவை நேராகப் பார்த்தாள். தலைகீழாகப் பார்த்தாள்.

"ஏனுங்கப்பா, இதுல மாப்பிள்ளை யாருங்க?"

அவள் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "அந்தக் காதாட்டமிருக்குது."

"காது நல்லாத்தான் இருக்குது. காதை மட்டும் பாத்துக் கழுத்தை நீட்ட முடியுங்களா? அவங்க ஊர்ல நோம்பியாமில்ல, போயி நேர்ல பாத்தர்லாம்."

தரகரிடம் அவள் அப்பா முடிவாகச் சொல்லி அனுப்பினார். "மாப்பிள்ளை முகத்தை ஒரு தடவை முழுசாப் பாத்தாப் போதும். சரியோ இல்லையோ அங்கயே சொல்லீருவோம். பாக்க முடியலைன்னா, எங்களுக்கு வேற எடம் தயாரா இருக்குதுங்க."

ஆக, நாச்சிமுத்துவின் வாழ்க்கை ஒரே ஒரு தெளிவான பார்வையில் வந்து நின்றது.

நோம்பி வந்தது. கோயில் முன்னால் மேடை. இந்த வருஷம் படுதாவே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். முன்வரிசையில் கமலவேணியும் அவள் அப்பாவும். பக்கத்தில் நாச்சிமுத்துவின் அம்மா கையைக் கூப்பியபடி உட்கார்ந்திருந்தாள். டீச்சர் வர வேண்டிய பஸ் வரவில்லை. ஊர்க்காரர்கள் பொறுக்கவில்லை. நாடகம் ஆரம்பித்துவிட்டது.

நாச்சிமுத்து நடுவில் வந்து நின்று கையை உயர்த்தினான். "நான்தான் பூமி. ஐயகோ, என்ற வானம் எங்கே? என்ற நட்சத்திரம் எங்கே?"

நட்சத்திரம் அப்போது திருச்சியைத் தாண்டி எங்கேயோ இருந்தது.

மூன்று செயற்கைக்கோள்களும் சுற்றின. கமலவேணி இடது பக்கம் சாய்ந்து பார்த்தாள். முறம். வலது பக்கம் சாய்ந்தாள். ஆறுச்சாமி அண்ணன் மீசை. எழுந்து நின்றாள். முறம்.

"தெரியுதா கண்ணு?" என்றார் அப்பா.

"தலைமசிரு தெரியுதுங்கப்பா. ரொம்ப அடர்த்தி."

அப்போதுதான் தொட்டராயனுக்கு ஞாபகம் வந்தது. "அண்ணா, ஜனங்களை உள்ளே இழுக்கணும்னு டீச்சர் சொன்னாங்களே."

"அட, ஆமாம்" என்றார் ஆறுச்சாமி அண்ணன். சுற்றிக்கொண்டே குனிந்து, முன்னால் உட்கார்ந்திருந்த டீக்கடைக்காரரின் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்தார். உள்ளே வந்தவர் நிற்க முடியுமா? நின்றால் விழுந்துவிட வேண்டியதுதானே. அவரும் சுற்றினார். அடுத்த சுற்றில் பூசாரியை இழுத்தார்கள். அதற்கடுத்ததில் மேளக்காரர்களை மேளத்தோடு இழுத்தார்கள். பிறகு இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. "அந்தத் தெருவுல மூணு பேரு சுத்தறாங்க, நம்ம தெருவுல ஒருத்தரும் இல்லையா?" என்று ஒரு குரல் கேட்டது. வடக்குத் தெரு முழுக்க மேடை ஏறியது. வடக்குத் தெரு ஏறினால் தெற்குத் தெரு சும்மா இருக்குமா? வீட்டுக்கு ஓடி முறம் எடுத்து வந்தார்கள். முறம் கிடைக்காதவர்கள் தாம்பாளத்தோடு வந்தார்கள். வண்டியிலிருந்து அவிழ்த்து விட்டிருந்த செவலையும் கூட்டத்தைப் பார்த்ததும் தானாக வந்து சேர்ந்துகொண்டது.

பார்க்கிற இடத்தில் மூன்றே பேர்தான் மிச்சம். கமலவேணியையும் அவள் அப்பாவையும் இழுக்கவில்லை. விருந்தாளிகளை வேலை வாங்கக் கூடாது என்கிற மரியாதை அவர்களுக்குத் தெரியும். நாச்சிமுத்துவின் அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து நாச்சிமுத்துவின் குரல் மட்டும் வந்தது. "என்ற வானம் எங்கே?"

கமலவேணியின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "போலாம் கண்ணு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"இன்னும் கொஞ்ச நேரமுங்கப்பா."

"ஊரே குறுக்க நிக்குது. இதுக்கு மேல என்னத்தைப் பாக்கறது?"

அவர் இரண்டடி எடுத்து வைத்துவிட்டார். நாச்சிமுத்துவின் அம்மா கண் திறந்து அதைப் பார்த்தாள். "ஆத்தா" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

அந்த நேரத்தில் டீச்சர் ஓடி வந்தார்கள். பஸ் பஞ்சராகி, பாதி தூரம் நடந்து வந்திருந்தார்கள். மேடையைப் பார்த்தார்கள். காலியாகக் கிடந்த தரையைப் பார்த்தார்கள். மூச்சு வாங்க, கையை உயர்த்தி, "போதும். போதுமுங்க" என்று கத்தினார்கள்.

எல்லாரும் நின்றார்கள். நின்றால் என்ன ஆகும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்களே. ஊர் மொத்தமும் அப்படியே விழுந்தது.

முறமும் தாம்பாளமும் உருண்டு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புழுதி இறங்கியது. ஊர்க்காரர்கள் குவியலாகக் கிடக்க, நடுவில் நாச்சிமுத்து ஒருத்தன் மட்டும் நின்றுகொண்டிருந்தான். பூமி விழும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. முகத்தை அண்ணாந்து மேலே பார்த்தான். மேற்கே முதல் நட்சத்திரம் வந்திருந்தது.

"ஆகா" என்றான் மெதுவாக. "தெரியுதுங்க."

அது நாடகத்தில் இல்லாத வசனம்.

கமலவேணி அவன் முகத்தை முழுசாகப் பார்த்தாள். திருநீறு, வேர்வை, சிரிப்பு எல்லாம் பார்த்தாள்.

"முகம் நல்லா இருக்குதுங்கப்பா" என்றாள்.

"முகத்தை விடு கண்ணு. புத்தி?"

"இத்தனை பேரு இத்தனை நாளாச் சுத்தியும் ஒருத்தரைக்கூட ஒரு வார்த்தை வையலை. என்ற சமையலை வைவாருங்களா? எனக்குச் சம்மதமுங்க."

நாச்சிமுத்துவின் அம்மா அழுதுகொண்டே குவியலைச் சுற்றி வந்து அம்மனைக் கும்பிட்டாள். டீச்சர் மேடைப் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். "இனிமே இந்த ஊர்ல ஒருத்தரும் எதையும் சுத்தக் கூடாது" என்றார்கள். பாவம், அவர்கள் அலுப்பில் சொன்னது.

கல்யாணம் அம்மன் சன்னதியிலேயே நடந்தது. தாலி கட்டுகிற நேரம், கெட்டிமேளம் முழங்க, பின்னாலிருந்து ஒரு அழுகைக் குரல் கேட்டது.

"என்னை யாருமே பாக்கலையா?"

எல்லாரும் திரும்பினார்கள். தலையில் அட்டை நட்சத்திரத்தோடு கனகராசு நின்றான். ராமேஸ்வரத்தில் கடல் வந்துவிட்டதாம், அதற்கு மேல் தூரம் போக முடியவில்லையாம். "நட்சத்திரத்து வெளிச்சம் வந்து சேரக் காலம் ஆகும்னு டீச்சர் சொன்னாங்களே, சரியாப் போச்சு" என்று ஊரே வியந்தது. வியந்து திரும்புவதற்குள் தாலி கட்டி முடிந்திருந்தது. அதை ஒருத்தரும் பார்க்கவில்லை.

அடுத்து, பொண்ணும் மாப்பிள்ளையும் மணவறையைச் சுற்றி வர வேண்டும். நாச்சிமுத்து அசையவில்லை.

"டீச்சர் சுத்தக் கூடாதுன்னுட்டாங்களே" என்றான்.

ஆறுச்சாமி அண்ணன் யோசனையில் இறங்கினார். "நீங்க நில்லுங்க, மணவறையைத் தூக்கி உங்களைச் சுத்திக் கொண்டுவந்தர்லாமா?"

"தூக்கறவங்க சுத்தற மாதிரி ஆகுமேங்கண்ணா" என்றான் சென்னியப்பன். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கமலவேணிதான் கேட்டாள். "பூமி சூரியனைச் சுத்துமில்லீங்க?"

"சுத்தும். அது ஆதியிலிருந்தே சுத்துது" என்றான் சென்னியப்பன்.

"அப்ப ஓமத்துல எரியற தீதான் சூரியன். அவரு பூமி. நான் நிலா, அவரு கூடப் போறேன். டீச்சர் எங்களைச் சொல்லலை, புதுசா மேல விடறதைத்தான் சொன்னாங்க." சொல்லிவிட்டு நாச்சிமுத்துவின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். இப்படிப்பட்ட புத்திசாலி நம் ஊருக்கு வாழ வந்திருக்கிறாளே என்று எல்லாரும் நெகிழ்ந்து போனார்கள்.

சாயங்காலம் விருந்து முடிந்து, எல்லாரும் மைதானத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் தாலி கட்டுவதற்கு முன்னாலேயே வாழ்த்திவிட்டுப் பஸ் ஏறிப் போயிருந்தார்கள். வானத்தில் சின்னதாக ஒரு வெளிச்சப் புள்ளி, நிற்காமல் நகர்ந்து போவதைத் தொட்டராயன் பார்த்தான்.

"அண்ணா, அது சேட்டிலைட்டுத்தானுங்களே?"

"அதேதான். நம்ம ஆளு."

"எத்தனை நாளாச் சுத்துதுங்க?"

"யாருக்குத் தெரியும்? அதோட டீச்சரும் போதும்னு சொல்லாம பஸ் ஏறிட்டாங்களாட்டமிருக்குது."

சுற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். மூன்று பேருக்கும் கண் கலங்கிவிட்டது. "அதுக்கு வாயில ஊட்டிவிடக்கூட ஒருத்தரும் இல்லையே" என்றாள் நாச்சிமுத்துவின் அம்மா. ஊரே எழுந்து நின்று, வாயில் கையைக் குவித்து, மேலே பார்த்துக் கத்தியது. "போதும் சாமி, நில்லு. போதும்."

சென்னியப்பனுக்குத்தான் உறைத்தது. "ஐயோ, நின்னா விழுந்துருமே. எங்க விழும்?"

எல்லாரும் தலைக்கு மேலே பார்த்தார்கள். தங்கள் தலைக்கு நேர் மேலே.

"நிக்காத, நிக்காத, சுத்து" என்று மறுபடி உயிரைக் கொடுத்துக் கத்தினார்கள். நல்லவேளை, அது காதில் வாங்கிக்கொண்டு ஓடியே போய்விட்டது.

அன்றிலிருந்து சுண்டக்காம்பாளையத்தில் ஒரு ஏற்பாடு. பொழுது சாய்ந்ததும், முறை வைத்து ஒரு வீட்டுக்காரர் பாறை மேல் ஏறி, "நிக்காதீங்க, சுத்துங்க" என்று வானத்தைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு வருகிறார். இது என்ன கூத்து என்று கேட்கிற வெளியூர்க்காரர்களிடம் ஆறுச்சாமி அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார். "இதுவரைக்கும் எங்க ஊருல ஒரு சேட்டிலைட்டாவது விழுந்திருக்குதா, சொல்லுங்க."

நாச்சிமுத்து வீட்டு முறை வந்தால் கமலவேணிதான் போகிறாள். மேகம் மூடியிருக்கிற நாளில் மட்டும் கையில் தாம்பாளமும் கரண்டியும் எடுத்துப் போகிறாள். வெறும் குரல் மேகத்தைத் தாண்டி மேலே கேட்காதாம்.